மூன்றாம் இரவுக்கு ஒரு விளக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. சென்னையிலிருந்து கிளம்பி, சாலையில் விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய், வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் சித்தியின் ஊரை நான் சேர்ந்தபோது மூன்றாம் நாள் பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டு வீட்டில் பாதி ஓடு இல்லை. கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. மின்கம்பங்கள் கம்பியோடு சேர்ந்து வயலில் சாய்ந்து கிடந்தன. வாசலுக்கு வந்த சித்தி கேட்ட முதல் கேள்வி: "கட்டை வாங்கிட்டு வந்தியா தம்பி?"

கட்டை என்றால் டார்ச்லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி. தார்ப்பாய், தண்ணீர் கேன், பிஸ்கட், பால் பவுடர் எல்லாம் வண்டியில் இருந்தன. கட்டை மட்டும் இல்லை.

அந்த வீட்டில் வெளிச்சம் தரக்கூடிய பொருள்கள் ஐந்து இருந்தன. 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கி, நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றிய எமர்ஜென்சி லைட் ஒன்று. அது முதல் இரவு கால் மணி நேரம் எரிந்து அடங்கிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய, மேலே இழுத்தால் எரியும் கேம்பிங் லாந்தர் ஒன்று. நல்ல பொருள்தான். ஆனால் முதல் இரவு முழுக்க அதை உச்ச வெளிச்சத்திலேயே வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை அணைந்தது. திரும்பச் சார்ஜ் ஏற்ற ஊரில் எங்கும் கரண்ட் இல்லை. செல்போன்கள் அதற்கும் முன்பே செத்திருந்தன. பரணில் ஓர் அரிக்கேன் விளக்கு, கண்ணாடி உடையாமல், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லாமல். ஐந்தாவது, இரவில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகையில் சித்தப்பா எடுத்துப் போகும் மூணு கட்டை டார்ச். மூன்றாம் இரவு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே வெளிச்சம் அதுதான். அதுவும் பழுத்த மஞ்சளாகிவிட்டிருந்தது.

முதல் இரவு எந்த விளக்கும் எரியும். இரண்டாம் இரவு, பெரிய பேட்டரி உள்ள விளக்கு எரியும். மூன்றாம் இரவு எரிவது, கரண்ட் இல்லாத ஊரிலும் எதையாவது போட்டு உயிர்கொடுக்க முடிகிற விளக்கு மட்டும்தான். அவசரத்துக்கு விளக்கு வாங்கப் போகிற ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: மூன்றாம் நாள் இதற்கு நான் எதைப் போடுவேன்?

மூன்று நாள் என்பது மிகைக் கணக்கு இல்லை. கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து நம் ஊழியர்களோடு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. புயலுக்கு ஒரு வாரம் கழித்துத் திருக்கார்த்திகை வந்தது; பல ஊர்களில் அகல் விளக்கைத் தவிர வேறு விளக்கில்லாத கார்த்திகையாக அது இருந்தது. 2011-ல் தானே புயல் கடலூரையும், 2017-ல் ஒக்கி கன்னியாகுமரியையும் இப்படித்தான் இருட்டில் தள்ளின. நகரத்துக்காரர்களுக்கு இது கிராமத்துக் கதையாகத் தோன்றலாம். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையின் புறநகரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற தெருவில் ஆபத்து கருதி மின்வாரியமே இணைப்பை நிறுத்திவைக்கும். தரைத்தளத்தில் தரையோடு தரையாக வைத்த இன்வெர்ட்டர் தண்ணீரில் மூழ்கிவிட்டால், நான்காம் மாடியில் இருப்பவருக்கும் மெழுகுவர்த்திதான்.

ஓர் இரவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் விலை கேட்டேன். கடைப் பையன் விளக்கை எடுத்து, உச்ச வெளிச்சத்தில் போட்டு, என் முகத்துக்கு நேரே பிடித்தான். "எப்படி சார் பவரு?" என்றான். கண் கூசியது. பெரும்பாலானவர்கள் அந்தக் கூச்சத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமன். வாட் என்பது விளக்கு தின்கிற மின்சாரம். லூமன் என்பது அது கக்குகிற வெளிச்சம். ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன். அரிக்கேன் விளக்கு சில பத்து லூமன். நாம் வளர்ந்த காலத்து 60 வாட் குண்டு பல்பு 700, 800 லூமன். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால், கையடக்கமான விளக்கின் அட்டைப்பெட்டியில் 6,000 லூமன் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததுமே அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். அவ்வளவு வெளிச்சம் கொடுக்கிற பொருள் அந்தப் பேட்டரியைச் சில நிமிடங்களில் குடித்து முடித்துவிடும்.

வீட்டில் உண்மையில் என்ன தேவை? சமைக்கவும் சாப்பிடவும் பிள்ளைகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் 100 லூமன் போதும். மீன் குழம்பில் முள் தெரிய வேண்டும், அதுதான் என் அளவுகோல். எல்லாரும் படுத்த பிறகு, எழுந்து கழிப்பறைக்குப் போகிறவர் எதிலும் இடித்துக்கொள்ளாமலும் பூச்சி பொட்டு தெரிகிற மாதிரியும் இருக்க 5 லூமன் போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதுவே நிறைய.

இதை மின்சாரக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். சாதாரண விலையில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள், வழியில் ஆகும் இழப்பெல்லாம் போக, ஒரு வாட்டுக்கு 80 லூமன் தருகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். 100 லூமனில் இரண்டு மணி நேரம் எரிய இரண்டரை வாட்-மணி. 5 லூமனில் ஒன்பது மணி நேரம் எரிய அரை வாட்-மணிக்குச் சற்று மேல். ஆக ஓர் இரவின் செலவு மூன்று வாட்-மணி. மூன்று இரவுக்கு ஒன்பது. விளக்கு வாங்கப் போகும்போது கையில் எழுதிக்கொண்டு போக வேண்டிய எண் இந்த ஒன்பதுதான்.

பெட்டியில் வாட்-மணி போட்டிருக்க மாட்டார்கள், எம்.ஏ.எச். என்று போட்டிருப்பார்கள். அதை ஆயிரத்தால் வகுத்து, பேட்டரியின் வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி வந்துவிடும். சார்ஜ் ஏற்றும் லாந்தர்களில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். அதன் வோல்ட் 3.7. ஆகவே 2,000 எம்.ஏ.எச். என்றால் 7.4 வாட்-மணி; மூன்று இரவுக்குக் கொஞ்சம் பற்றாது. 2,600 என்றால் 9.6, சரியாக வரும். இந்த அளவு செல் ஒன்றில் நல்ல தயாரிப்பாளர்களே ஏறக்குறைய 3,500 வரைதான் அடைக்கிறார்கள். ஒற்றைச் செல்லின் மேல் 9,900 என்று அச்சிட்டு விற்பது பொய். அந்தப் பொய்யை எழுதத் துணிந்தவர் உள்ளே 1,200-தான் வைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு எண்ணும் ஆளை ஏமாற்றும்: '50 மணி நேரம் எரியும்.' டார்ச், லாந்தர் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் அமெரிக்க அளவு முறை ஒன்று உண்டு. அதன்படி, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை ஆகிற நேரமே எரியும் நேரம். 100 லூமனில் தொடங்கிய விளக்கு, அந்த நேரத்தின் கடைசியில் 10 லூமனில் முனகிக்கொண்டிருக்கும். அது முறையாகச் சோதித்து எழுதுகிறவர்களின் கணக்கு. எந்த முறையும் இல்லாமல் எழுதுகிறவர்களின் கணக்கு எங்கே முடியும் என்பதற்கு எல்லையே இல்லை. எனவே வாங்கி வந்த முதல் நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மாலை ஆறு மணிக்கு ஏற்றி வைத்து, மணிக்கொருமுறை எட்டிப் பாருங்கள். செய்தித்தாளை நான்கடி தள்ளிப் பிடித்து, எழுத்து வாசிக்க முடியாமல் போகும் நேரத்தைப் பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். அந்த விளக்கைப் பற்றி நம்பத்தகுந்த ஒரே தகவல் அதுவாக இருக்கும்.

விளக்கின் சாப்பாடு

இன்று கடைகளில் விற்கிற அவசர விளக்குகளைச் சாப்பாட்டை வைத்துப் பிரித்தால் மூன்று இனம்.

பழைய இனம், ஈய அமில பேட்டரி வைத்தது. சுவரில் மாட்டுகிற, டியூப்லைட் போன்ற எமர்ஜென்சி லைட்டுகள் வெகுகாலம் இதில்தான் ஓடின. இப்போதும் விலை குறைந்த சிலவற்றில் நான்கு வோல்ட் ஈய பேட்டரிதான் இருக்கிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும், அதுவே அடையாளம். இந்த பேட்டரிக்குப் பட்டினி ஆகாது. தீர்ந்துபோன நிலையில் சில மாதம் அலமாரியில் கிடந்தால் உள்ளே தகடுகளின் மேல் உப்பு படிந்து இறுகிவிடும்; பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. எப்போதும் பிளக்கிலேயே தொங்கவிட்டாலும், மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும் வசதி இல்லாத மலிவான சுற்றமைப்பில் அது வெந்து வறண்டுபோகும். சித்தி வீட்டு விளக்கு கால் மணி நேரத்தில் அடங்கிய காரணம் பட்டினி. தினமும் கரண்ட் போன 2012-ல், தினமும் தீர்ந்து தினமும் ஏறியதால் இவை ஓரளவு உழைத்தன. வருடத்துக்கு ஒரு புயலுக்காகக் காத்திருக்கிற வேலைக்கு இந்த பேட்டரி உகந்ததில்லை. இனி வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது, லித்தியம் செல் வைத்துச் சார்ஜ் ஏற்றும் விளக்கு. எடை குறைவு, வெளிச்சம் சீராக இருக்கும், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். செல்லைத் திருகோ மூடியோ திறந்து மாற்ற முடிகிறதா? முடிந்தால் விளக்கின் ஆயுள் பல மடங்கு கூடும். செல்லின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா? இந்த செல்களுக்கு அந்தப் பதிவு நம் நாட்டில் கட்டாயம். சார்ஜ் ஏற்றும் துளை செல்போனுக்கு இருப்பது போன்ற டைப்-சி தானா? தனிக் கேபிள் கேட்கும் விளக்கு, அந்தக் கேபிள் தொலைகிற அன்றே செத்தது போலத்தான். இதில் ஒரு நுணுக்கம்: மலிவான விளக்குகள் சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன புதுக் கேபிளில் ஏறாது, ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி.யாக இருந்தால் மட்டும் ஏறும். புயல் நாளில் கண்டுபிடிப்பதைவிட வாங்கிய அன்றே இரண்டிலும் செருகிப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, கடையில் வாங்கிப் போடுகிற உலர் செல். நகரத்தில் இதை மதிப்பாரில்லை. நான் மதிக்கிறேன். மூன்றாம் இரவின் ராஜா இதுதான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல், அல்கலைன் ரகமாக இருந்தால், ஒன்றில் ஏறக்குறைய மூன்று வாட்-மணி. அதாவது ஒரு சின்ன செல், ஓர் இரவு! மூன்று செல் போடும் லாந்தர் ஒன்றுக்கு மூன்று இரவுச் சாப்பாடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டியில் இன்னும் மூன்று இருந்தால் ஆறு இரவு. பெரிய கட்டை அல்கலைனில் கிடைத்தால் ஒன்றிலேயே ஐந்து சின்ன செல்லின் சத்து இருக்கும். ஆனால் சிறு ஊர்களில் அது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். பெட்டிக்கடையில் கிடைக்கிற சாதாரண கட்டை சத்தில் குறைவுதான், எல்.இ.டி. போன்ற சிக்கனமான விளக்குக்கு அது போதும். சின்ன செல்லில் மட்டும் அல்கலைனுக்குக் கூடுதல் காசு கொடுங்கள். விலை வித்தியாசத்துக்கு மேலேயே எரியும்.

உலர் செல் விளக்கிலேயே திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் செல்களையும் போடலாம். அவற்றின் வோல்ட் 1.5-க்குப் பதில் 1.2, பெரும்பாலான விளக்குகள் சற்றே மங்கலாக, ஆனால் ஒழுங்காக எரியும். அடிக்கடி முகாம் போகிறவர்களுக்கு இது லாபம். புயலுக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

பல்பு ஹோல்டரிலேயே மாட்டுகிற, கரண்ட் போனதும் தானே எரிகிற இன்வெர்ட்டர் பல்பு இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. 300, 400 ரூபாய்க்கு அருமையான கண்டுபிடிப்பு. அரை மணி நேரக் கரண்ட் கட்டுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வழியில்லை என்பதால் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முதல் மாலைக்கு அது, அவ்வளவுதான்.

லாந்தரின் தலையில் ஒட்டியிருக்கும் சோலார் தகட்டைக் காட்டி விற்கிறார்கள். தீப்பெட்டி அளவுத் தகடு என்றால் அலங்காரம். உள்ளங்கை அளவு இருந்தால் கதை வேறு: நல்ல வெயிலில் அரை வாட்டுக்குச் சற்று மேல் தரும், ஐந்தாறு மணி நேரம் காய்ந்தால் ஓர் இரவுக்கான மூன்று வாட்-மணி ஏறக்குறைய ஏறிவிடும். புயல் போன மறுநாள் பல நேரம் வானம் வெளுத்துவிடுவதுண்டு என்பதால் இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நான்கு நாள் தொடர்மழைக்கு அதை நம்பி உட்கார முடியாது. உச்சி வெயிலில் விளக்கோடு சேர்ந்து லித்தியம் செல்லும் கொதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கிலிருந்து இழப்பு போக முப்பது வாட்-மணி அளவுக்குக் கிடைக்கும். நம் கணக்கில் பத்து இரவு. இன்றைய செல்போன் ஒன்றை ஒரே ஒருமுறை முழுதாக நிரப்ப ஆகும் மின்சாரத்தில் ஐந்தாறு இரவு விளக்கெரியும். இதைத் திருப்பிச் சொன்னால், செல்போன் டார்ச்சை விளக்காக எரிப்பது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம் என்று புரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய கருவியை முற்றத்து விளக்காக்கித் தீர்த்துவிடுகிறோம். பவர் பேங்கில் செருகுகிற சின்ன யு.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அதோடு கட்டி வையுங்கள். மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும் விளக்கைச் செருகினால் சில பவர் பேங்க்குகள், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். அதையும் வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? ஒரே பெரிய விளக்கில் காசைக் கொட்டாமல், இரண்டு சின்ன விளக்காக வாங்குங்கள். ஒன்று, 2,600 எம்.ஏ.எச். அளவுக்குக் குறையாத லித்தியம் லாந்தர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியோடு: 700 முதல் 1,000 ரூபாய் வரை. இன்னொன்று, மூன்று சின்ன செல் போடுகிற சாதாரண எல்.இ.டி. லாந்தர்: 300, 400 ரூபாய். கூடவே ஆறு அல்கலைன் செல். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடியும். வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இல்லாத விளக்கை, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சித்தி வீட்டு சிங்கப்பூர் லாந்தரில் அந்த வசதி இருந்தது. பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால் வெளிச்சம் குறையும் என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஏற்கெனவே வீட்டில் நல்ல டார்ச் இருந்தால் லாந்தர் எதற்கு என்று கேட்கலாம். டார்ச் ஓர் இடத்தைக் காட்டும். லாந்தர் எல்லார் முகத்தையும் காட்டும். காற்று ஓட்டைப் பிய்க்கிற இரவில் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரியவர்களின் முகம். வேறு வழியில்லாத நேரத்தில் டார்ச்சை நிமிர்த்தி நிறுத்தி, அதன் வாய்மேல் தண்ணீர் நிரம்பிய பாட்டிலையோ வெள்ளைப் பிளாஸ்டிக் கேனையோ வைத்தால், வெளிச்சம் நான்கு பக்கமும் பரவும். மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் கூரை வீட்டில், சன்னல் கதவு அடைத்த அறையில், காற்றுக் காலத்தில் எவ்வளவு ஆபத்து என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் ஓர் இரவு

முகாமுக்குப் போகிறவர்களின் தேவை கொஞ்சம் மாறும். கொழுக்குமலையிலும் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கமும் கூடாரம் போட்டுத் தங்குவது இன்றைய இளைஞர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே எடைதான் முதல் கேள்வி. கட்டை போடும் விளக்கு அங்கே சுமை. 200 கிராமுக்குள் இருக்கிற லித்தியம் லாந்தர் போதும். கூடார உச்சியில் மாட்டக் கொக்கி வேண்டும். வெளிச்சத்தில் மஞ்சள் சாயல் வேண்டும். மலிவு விளக்குகளில் பெரும்பாலும் வருவது நீலம் பாய்ந்த வெள்ளை, பெட்டியில் 6,500 கெல்வின் என்று போட்டிருப்பார்கள். பூச்சிகளை அதிகம் இழுப்பது அந்த நீலம்தான். மழை விட்ட மாலையில் அதை ஏற்றி வைத்தால், வருகிற ஈசலுக்குச் சோற்றுத் தட்டை மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். 3,000 கெல்வின் அளவில் இருக்கும் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவு, கண்ணுக்கும் இதம். வீட்டுக்கும் நான் அதையே சொல்வேன்.

மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி இருந்தால் போதும், எந்தப் பக்கத்திலிருந்து சாரல் அடித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஆற்றங்கரையில் தங்குகிறவர்கள் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கூடாரத்துக்குள் நெருப்பு எந்த வடிவிலும் கூடாது. நைலான் துணி நொடியில் பற்றும். மூடிய கூடாரத்தில் எரிகிற எதுவும் கார்பன் மோனாக்சைடை விடும், அதற்கு மணம் கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் மாண்டதை நாம் பார்த்தோம். கோடையில் நம் மலைப்புல் அப்படி எரியும். பேட்டரி விளக்கை எடுத்துப் போவது அந்த மலைக்கு நாம் செய்கிற மரியாதை.

பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரவில் ஏறுகிறார்கள். ஏழு மலை, ஒரு கையில் மூங்கில் தடி. அங்கே லாந்தர் உதவாது. தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். ஒரு கை தடிக்கு, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. மாற்றுச் செல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் செல்லின் சக்தி குறையும், உடம்புச் சூட்டில் அது காப்பாற்றப்படும்.

ஐப்பசி பிறக்கும் முன்

விளக்கு வாங்குவதில் பாதி வேலை, அதை வைத்திருப்பது. லித்தியம் விளக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் முழுதாக நிரப்பிவிடுங்கள். உலர் செல்லை விளக்குக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். அல்கலைன் செல் கசிந்தால் வெள்ளைப் பொடி பூத்துத் தகடுகளை அரித்துவிடும். கசிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்தினால் பல நேரம் விளக்கு பிழைத்துக்கொள்ளும். செல்களை அட்டையிலிருந்து பிரிக்காமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி விளக்கின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். பழைய செல்லோடு புதிய செல்லைக் கலக்காதீர்கள். பழையது புதியதையும் கெடுத்து, தானும் கசியும். உப்பிய லித்தியம் செல்லை ஒரு நாளும் சார்ஜில் போடாதீர்கள். தீர்ந்த பேட்டரியைக் குப்பையில் எறியக் கூடாது என்கிறது பேட்டரிக் கழிவுக்கான 2022-ஆம் ஆண்டு விதி. திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஊர்களில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். ஊராட்சிகள் ஒரு டப்பாவாவது வைக்க வேண்டும்.

சித்தி இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஐப்பசி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இருட்டியதும், யாரிடமும் சொல்லாமல் மெயினை அணைத்துவிடுவார். போன வருடம் நானும் அங்கே இருந்தேன். கும்மிருட்டில் பேரன் சுவரைத் தடவிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. சமையல்கட்டு நிலைப்படிக்குப் பக்கத்து ஆணியில்தான் லாந்தர் எப்போதும் தொங்கும். உறையைப் பிரித்து மூன்று செல்லையும் முனை பார்த்துப் போட அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது.

"அப்பாயி, எரியுது!"

"ரெண்டாவது தடவ அமுக்கு. கம்மியாவுதா பாரு."

வெளிச்சம் தணிந்தது, மறுபடி கூடியது. சித்தி மெயினைப் போடவில்லை. லாந்தரை நடுவில் தொங்கவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார். அன்று மத்தி மீன் குழம்பு. முள் தெரிகிறதா என்று பேரன் குனிந்து பார்த்தான்.